விழுங்கும் தொண்டையை நேரே பார்ப்பது: ஃபீஸ் பரிசோதனைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சாப்பிடும்போது புரைக்கேறினால் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கினம்" என்போம். இருமுகிறவரைப் பற்றி அவ்வளவு பயப்படத் தேவையில்லை; அவருடைய தொண்டை தன் காவல் வேலையைச் செய்கிறது. பயம் இருமாதவரைப் பற்றித்தான். பாரிசவாதம் வந்தவர், பார்க்கின்சன் நோயுள்ளவர், கழுத்துக்குக் கதிர்ச்சிகிச்சை பெற்றவர் என்று பலருக்குத் தேத்தண்ணி குரல் நாண்களைத் தாண்டி மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். முகத்தில் ஒரு சுழிப்பும் இருக்காது. கட்டிலருகே நின்று கவனிப்பவர் "நல்லா விழுங்குறார்" என்று எழுதிவிட்டுப் போவார்.

அதை நேரே பார்க்க வந்த வழிதான், மூக்கு வழியாக மெல்லிய ஸ்கோப்பை விட்டு, ஆள் சாப்பிடும்போதே தொண்டையைப் படம் பிடிப்பது. 1988இல் அமெரிக்காவில் சூசன் லாங்மோரும் அவருடைய சகாக்களும் இம்முறையை முதன்முதலில் விவரித்தார்கள். Fiberoptic Endoscopic Evaluation of Swallowing என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து "ஃபீஸ்" (FEES) என்று அழைக்கிறோம். கொழும்பில் இந்தப் பெயரால் ஒரு சின்னத் தொல்லை உண்டு. "அப்பாவுக்கு ஃபீஸ் செய்யோணும்" என்றதும் பிள்ளைகள் பணப்பையைத் தொடுவார்கள். "விழுங்கிறதைக் கமராவால பாக்கிற ரெஸ்ட்" என்று சொல்லித் தொடங்குவது நல்லது.

இந்த வழிகாட்டி பேச்சு சிகிச்சையாளர்கள், காது மூக்குத் தொண்டைப் பிரிவின் இளம் வைத்தியர்கள், பக்கத்தில் நிற்கும் தாதியர் ஆகியோருக்கானது. ஆளைக் கூட்டிவரும் குடும்பத்தாரும் வாசிக்கலாம். தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இருமினாலும் இருமாவிட்டாலும், குரல் நாண்களைத் தாண்டி உள்ளே போவதையே இங்கே புரையேறல் என்கிறோம். "புரையேறுகிறதா, இல்லையா" என்பது இந்தப் பரிசோதனையின் பாதிக் கேள்விதான். ஏன் ஏறுகிறது, எதை எப்படிக் கொடுத்தால் ஏறாது என்பதே மறுபாதி. அதைக் கேட்காமல் ஸ்கோப்பை வெளியே எடுத்தால், நோயாளருக்குக் கிடைப்பது ஒரு தடையுத்தரவு மட்டும்.

யாருக்குச் செய்வது, யாருக்குத் தள்ளிப்போடுவது

பாரிசவாதத்துக்குப் பின் விழுங்கல் கோளாறு எத்தனை பேருக்கு வருகிறது என்ற கேள்விக்கு, எப்படிப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். 2005இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், மேலோட்டமான சோதனையில் 37 முதல் 45 வீதம், முறையான கட்டிலோரப் பரிசோதனையில் 51 முதல் 55 வீதம், கருவி கொண்டு பார்த்தால் 64 முதல் 78 வீதம் என்று வந்தது. கண்ணுக்கும் காதுக்கும் தப்பிப் போகிறவர்கள் எத்தனை பேர் என்பதை இந்த இடைவெளியே சொல்கிறது.

சாப்பிட்டபின் குரல் ஈரமாக, களகளவென்று ஒலிப்பது, காரணமில்லாமல் திரும்பத் திரும்ப நியூமோனியா வருவது, ஒரு நேரச் சாப்பாட்டுக்கு முக்கால் மணித்தியாலம் எடுப்பது, எடை குறைவது, உணவுக்காகப் போட்ட மூக்குக் குழாயை எடுக்கலாமா என்ற கேள்வி, கழுத்து அறுவைக்குப் பின் குரல் போவது ஆகியவை இங்கே அனுப்புவதற்கான காரணங்கள். இலங்கையில் ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்பதால், வெற்றிலை போட்டு வாய் இறுகியவர்களும் சிகிச்சை முடித்தவர்களும் கணிசமாக வருவார்கள். வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்காதவருக்கும் மூக்கு வழியாகப் போகலாம் என்பது இங்கே பெரிய வசதி.

முகத்திலோ மண்டையோட்டின் அடியிலோ அண்மையில் முறிவு ஏற்பட்டவர், இரண்டு மூக்கும் அடைத்தவர், கட்டுக்கடங்காமல் அலைபாய்கிறவர், மூச்சுத்திணறலோ இதயநிலையோ நிலைப்படாதவர் ஆகியோருக்குத் தள்ளிப்போடுங்கள். இரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் எடுப்பவரென்றால், இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அண்மைய ஐ.என்.ஆர். அளவைப் பார்த்து, வைத்தியருடன் பேசி முடிவெடுக்கலாம்; அது மட்டும் தடையல்ல. தூங்கி வழிகிறவருக்கு அன்று செய்யாதீர்கள். விழிப்பில்லாத தொண்டை காட்டுவது தூக்கத்தைத்தான்.

விழுங்கும் கணம், வாய்க்குள் நடப்பது, உணவுக்குழாயின் மேல் வாசல் திறப்பது, அதற்குக் கீழே நடப்பது ஆகிய எதுவும் ஸ்கோப்பில் தெரியாது. கேள்வி அவற்றைப் பற்றியதென்றால் பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரேயில் பார்க்கும் முறைதான் சரி. ஆனால் வார்டுக் கட்டிலை விட்டு அசைக்க முடியாதவருக்கு ஸ்கோப்தான் போய்ச் சேரும். கதிர்வீச்சு இல்லாததால் ஒரு முழுச் சாப்பாட்டையும் பார்க்கலாம். வீட்டுச் சோற்றையே கொடுத்தும் பார்க்கலாம்.

மேசையில் இருக்க வேண்டியவை

3 முதல் 4 மி.மீ. தடிப்புள்ள மூக்கு-குரல்வளை ஸ்கோப், ஒளிமூலம், கமரா, மொனிட்டர், ஒலியுடன் பதிவு செய்யும் கருவி. பதிவில்லாத ஃபீஸைச் செய்யாமல் விடுவதே மேல். அரை நொடியில் நடப்பதை நேரடியாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல எவராலும் முடியாது. உறிஞ்சி கருவியைப் பெயருக்கு வைக்காமல் போட்டுப் பார்த்து வையுங்கள். பல்ஸ் ஒக்ஸிமீட்டர், ஒக்சிசன், அவசர மருந்துத் தட்டு. ஒக்சிசன் அளவு விழுவதை வைத்துப் புரையேறலைக் கணிக்க முடியாது. அந்தக் கருவி ஆளின் பாதுகாப்புக்கு.

உணவுத் தட்டில்: ஐஸ் துண்டு, தண்ணீர், பால், தயிர் அல்லது மசித்த வாழைப்பழம், குழைய வேகவைத்த சோறும் பருப்பும், மாரி பிஸ்கட். 5 மி.லீ. கரண்டி, கோப்பை, ஸ்ட்ரோ, 10 மி.லீ. சிரிஞ்சு சில. நோயாளர் வீட்டில் எதற்குத் திணறுகிறார் என்று முன்கூட்டியே கேட்டு அதையும் கொண்டுவரச் சொல்லுங்கள். இதை மறந்தால் பரிசோதனையில் எல்லாம் நன்றாக இருக்கும். வீட்டில் புட்டுக்குப் புரைக்கேறும்.

நிறம் அவசியம். தண்ணீர் கண்ணாடி மாதிரி. ஈரமான இளஞ்சிவப்புச் சவ்வின்மேல் அது ஓடினாலும் தெரியாது. நிறமில்லாத தண்ணீரைக் கொடுத்துவிட்டு "புரையேறவில்லை" என்று எழுதுவதற்கு அர்த்தமில்லை. ஒரு கோப்பைக்கு இரண்டு மூன்று துளி நீலம் அல்லது பச்சை உணவு நிறம் போதும். பால் தன்னளவிலேயே வெள்ளையாகத் தெரியும்; நிறம் கலந்தால் இன்னும் தெளிவு. நீல நிறத்தை மூக்குக் குழாய் உணவில் கலந்து நாள்கணக்கில் கொடுப்பது வேறு விடயம். தீவிர நோயாளரில் அது ஆபத்தானது என்று 2003இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

சிவப்பைத் தவிருங்கள், இரத்தம் என்று தோன்றும். இங்கேதான் வெற்றிலை குழப்பும். வெற்றிலை போடுகிறவரின் உமிழ்நீர் செந்நிறமாகக் குரல்வளை மேல் தேங்கி நிற்கும். பார்த்ததும் ஸ்கோப் எங்கோ காயப்படுத்திவிட்டது என்று பதறுவோம். காலையில் இலைக்கஞ்சி குடித்தவரின் தொண்டையில் பச்சைத் துணுக்குகள் ஒட்டியிருக்கும். அவருக்குப் பச்சை நிறம் கலந்து கொடுத்தால் எது நம்முடையது, எது கஞ்சியுடையது என்று பிரிக்க முடியாது. தொடங்குமுன் வாயைக் கொப்பளிக்கச் செய்து, பல்லையும் நாக்கையும் துடையுங்கள். அழுக்கு வாயிலிருந்து மூச்சுக்குழாய்க்குள் போகும் ஒவ்வொரு துளியும் கிருமியைக் கூட்டிச்செல்லும் என்பதாலும் இது தேவை.

தடிப்பை அளப்பது

"கொஞ்சம் தடிப்பா" என்பது அளவல்ல. ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற சர்வதேச அளவுகோல் பானத்தையும் உணவையும் 0 முதல் 7 வரை பிரிக்கிறது. 0 தண்ணீர், 4 கரண்டியில் நிற்கும் மசியல், 7 வழக்கமான சாப்பாடு. பானத்தைச் சிரிஞ்சால் அளக்கலாம். 0 கோட்டிலிருந்து 10 மி.லீ. கோடு வரை 61.5 மி.மீ. நீளமுள்ள சிரிஞ்சின் தண்டை எடுத்துவிட்டு, முனையை விரலால் அடைத்து 10 மி.லீ. நிரப்புங்கள். விரலை எடுத்துச் சரியாக 10 நொடி ஓடவிட்டு மறுபடி அடையுங்கள். மிஞ்சியது 1 மி.லீ.க்குக் குறைவென்றால் நிலை 0. 1 முதல் 4 வரை நிலை 1. 4 முதல் 8 வரை நிலை 2. 8க்கு மேல் மிஞ்சி, ஆனாலும் கொஞ்சம் ஓடியிருந்தால் நிலை 3. ஒன்றுமே ஓடாவிட்டால் நிலை 4. அதைக் கரண்டியைச் சரித்தும் முள்ளுக்கரண்டியால் அள்ளியும் பார்க்க வேண்டும். சிரிஞ்சின் நீளத்தை அடிமட்டத்தால் ஒருமுறை அளந்து பாருங்கள். எல்லாக் கம்பனிச் சிரிஞ்சும் ஒன்றல்ல, நீளம் மாறினால் கணக்கே மாறும்.

நம் வீடுகளில் தடிப்பாக்க அரிசிக் கஞ்சியோ சோளமாவோதான் கைக்கு வரும். அடுப்பிலிருந்து இறக்கும்போது நிலை 2இல் இருக்கும் கஞ்சி, ஆறியதும் 3க்கோ 4க்கோ போய்விடும். வாயில் கொஞ்சநேரம் வைத்திருந்தால் எச்சிலில் உள்ள நொதி மாப்பொருளைக் கரைத்து மறுபடி நீர்த்துப்போகச் செய்யும். கடையில் வாங்கும் சாந்தன் பசை வகைத் தடிப்பாக்கிகள் இவ்விதம் நீர்த்துப்போவதில்லை. எதுவானாலும் கொடுக்கப்போகும் சூட்டில், கொடுப்பதற்குச் சற்றுமுன் அளந்து, என்ன கலந்தது, எவ்வளவு கலந்தது என்று அறிக்கையில் எழுதுங்கள்.

ஆளைத் தயார்படுத்துதல்

பட்டினி போடத் தேவையில்லை. மயக்க மருந்து இல்லை. பசியோடு வந்தால் இன்னும் நன்றாக ஒத்துழைப்பார். பல்செட், மூக்குக்கண்ணாடி, காதுக் கருவி எல்லாம் போட்டபடியே இருக்கட்டும். பால் ஒத்துக்கொள்ளாதா, மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயினுக்கு ஒவ்வாமை உண்டா, நீரிழிவு உண்டா என்று கேளுங்கள். சைவம் சாப்பிடுகிறவரிடம் முட்டை கலந்த பிஸ்கட்டை நீட்டாதீர்கள். பார்க்கின்சன் நோயாளரென்றால் கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு எடுத்தார் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்; மருந்து வேலைசெய்யும் நேரத்துத் தொண்டையும் வடிந்த நேரத்துத் தொண்டையும் ஒன்றாக இருக்காது.

நிமிர்ந்து உட்காரவைத்து, கால் தரையில் படட்டும். கட்டிலில்தான் முடியுமென்றால் முதுகுக்குத் தலையணை கொடுத்து முடிந்தவரை நேராக்குங்கள். வீட்டில் சாய்ந்தபடியே சாப்பிடுகிறவரென்றால் முடிவில் அந்த நிலையிலும் ஒரு வாய் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

சொல்லும் மொழி முக்கியம். யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு "விழுங்குங்கோ", மலையகத்து ஐயாவுக்கு "முழுங்குங்க". அறையில் இருப்பவர்கள் சிங்களம் மட்டும் பேசுபவர்களென்றால், குடும்பத்தார் முன்கூட்டியே மூன்று சொற்களைச் சொல்லிக்கொடுத்துவிடலாம்: கிலின்ன என்றால் விழுங்குவது, கஹின்ன என்றால் இருமுவது, ஹுஸ்ம கன்ன என்றால் மூச்செடுப்பது. ஸ்கோப் உள்ளே இருக்கும்போது மொழிபெயர்ப்புக்கு நேரம் கிடையாது.

ஸ்கோப்பை விடுதல்

எந்த மூக்கில் காற்று நன்றாகப் போகிறது என்று ஒன்றை அடைத்து மற்றதால் ஊதச்சொல்லிப் பாருங்கள். மூக்குக் குழாய் போட்டிருந்தால் மறுபக்கம். மரத்துப்போகும் மருந்து தேவைப்பட்டால், 2 வீத லிக்னோகெயின் ஜெல்லைப் பட்டாணியளவு, அரை மி.லீ.க்கு மேற்படாமல், பஞ்சுக் குச்சியால் மூக்கு வாசலில் மட்டும் தடவுங்கள். தொண்டைக்கு ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. நாம் அளக்க வந்ததே தொண்டையின் உணர்வைத்தான். அதை மரக்கவைத்துவிட்டு "உணர்வு குறைவு" என்று எழுதினால், எழுதியது நம் மருந்தைப் பற்றி.

முனையை வெதுவெதுப்பான நீரில் தொட்டெடுத்தால் பனி படியாது. மூக்கின் தரையோடு ஒட்டி, கீழ்ச் சுருள் எலும்புக்கும் நடுச்சுவருக்கும் இடையே, மெதுவாக. தடை வந்தால் தள்ளாதீர்கள். பின்வாங்கிக் கோணத்தை மாற்றுங்கள், அல்லது மறு மூக்குக்குப் போங்கள். மூக்கின் பின்வாசலில் நின்று "ஈ..." சொல்லச்சொல்லி, உமிழ்நீரை ஒருமுறை விழுங்கச்சொல்லி, மென்னண்ணம் முழுதாக மேலெழுந்து மூடுகிறதா என்று பாருங்கள். பிறகு மூக்கால் மூச்சிழுக்கச் சொன்னால் அண்ணம் தளர்ந்து வழிவிடும். அந்த மூச்சோடு கீழே இறங்குங்கள்.

இரண்டு நிலைகளைக் கை பழகிக்கொள்ள வேண்டும். விழுங்குமுன் நிற்கும் இடம் மேல்நிலை: மென்னண்ணத்துக்குக் கீழே, குரல்வளை மூடியின் நுனிக்கு மேலே. நாக்கின் அடியும் குரல்வளையின் இருபக்கப் பள்ளங்களும் குரல்வளை வாசலும் ஒரே சட்டத்தில் தெரியும். விழுங்கி முடித்த கணமே போகும் இடம் கீழ்நிலை: மூடியைத் தாண்டி, குரல் நாண்களும் அவற்றுக்குக் கீழுள்ள மூச்சுக்குழாய்ச் சுவரும் தெரியும் அளவுக்கு. இறங்கி, ஓரிரு நொடி பார்த்து, மூச்சிழுப்புக்கும் அடுத்த விழுங்கலுக்கும் முன் மேலே வர வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் செய்யும் தவறு கீழே போகாமலே மேலே நின்று முடிவெடுப்பது. அதற்கு நேர்மாறான தவறு கீழேயே தங்கி, முனை மூடியில் உரசி, குமட்டலையும் பொய் விழுங்கலையும் உண்டாக்குவது.

திரையில் இடது எது வலது எது என்று உணவு கொடுக்குமுன் உறுதிசெய்யுங்கள். பிற்பாடு "தலையை இந்தப் பக்கம் திருப்புங்கோ" என்று சொல்லும்போது பக்கம் மாறிப்போனால், திறந்திருக்க வேண்டிய வழியை நாமே அடைத்துவிடுவோம்.

உணவுக்கு முன்னால்

முதலில் சும்மா பாருங்கள். எச்சில் எங்கே நிற்கிறது? குரல்வளை வாசலைச் சுற்றி மட்டுமா, வாசலுக்குள்ளேயே குளம்கட்டி நிற்கிறதா, அதை அவர் உணர்கிறாரா? எச்சிலுக்கு 0 முதல் 3 வரை புள்ளியிடும் அளவுகோல் உண்டு. 3 என்பது வாசலுக்குள் நின்று, வெளியேற்றப்படாத எச்சில். ஒரு துளி உணவும் கொடுக்குமுன்னரே இந்த 3 பாதிக் கதையைச் சொல்லிவிடும். சொந்த எச்சிலையே உணராதவர் பாலை உணர்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

பிறகு அசைவு. நீட்டி "ஈ", தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிக்கு "ஈ", மூச்சை இறுக்கிப் பிடித்தல், இருமல், மூக்கால் சட்டென்று உறிஞ்சல். இரண்டு நாண்களும் நடுவில் சந்திக்கின்றனவா, ஒருபக்கத் தொண்டைச் சுவர் மட்டும் சோம்பிக் கிடக்கிறதா என்பது இங்கேயே தெரியும். கதிர்ச்சிகிச்சை எடுத்தவரின் குரல்வளை மூடி வீங்கி, விரலளவு தடித்து நிற்கலாம். அது மடியாது என்பதை இப்போதே ஊகித்துக்கொள்ளலாம். உணர்வை முனையால் மெல்லத் தொட்டுப் பார்ப்பதென்றால் உணவு எல்லாம் முடிந்தபின் செய்யுங்கள். முன்னால் தொட்டால் ஆள் மிரண்டு, மிச்சப் பரிசோதனை கெடும்.

கொடுக்கும் வரிசை

ஆபத்து அதிகமென்று தோன்றினால் ஐஸ் துண்டில் தொடங்குங்கள்: அரைக் கரண்டி, வாயில் உருகவிட்டு விழுங்கட்டும். குளிர்ச்சி வாயை எழுப்பும், தவறிப்போனாலும் துளி நீர்தான். அடுத்தது நிறம் கலந்த பால் அல்லது தண்ணீர், 5 மி.லீ., பிறகு 10, பிறகு 20, அதன்பின் கோப்பையில் தன் விருப்பப்படி, கடைசியில் நிறுத்தாமல் குடிப்பது. ஒவ்வோர் அளவையும் குறைந்தது இரண்டு மூன்று தடவை. ஒருமுறை நன்றாக விழுங்கியது தற்செயலாக இருக்கலாம்.

அதன்பின் மசியல் ஒரு கரண்டி, மென்மையான உணவு, பிஸ்கட். சோற்றைக் கரண்டியால் கொடுத்து முடித்துவிடாதீர்கள். நம்மவர்கள் கையால் பிசைந்து உருட்டிச் சாப்பிடுகிறார்கள். ஒரு கவளம் கரண்டியளவைவிடப் பெரியது, இறுகியது, கறி ஊறியது. அவர் கையாலேயே ஒரு கவளம் எடுத்துப்போடச் சொல்லிப் பாருங்கள். இடியப்பமும் சொதியும், தேத்தண்ணியில் தோய்த்த பாண் போன்ற கலவை உணவுகள் தனியாகக் கவனிக்க வேண்டியவை. இடியப்பம் இன்னும் வாயில் மெல்லப்பட்டுக்கொண்டிருக்கும்போது சொதி மட்டும் பிரிந்து, நாக்கின் பின்புறம் வழிந்து, திறந்த குரல்வளை வாசலை எட்டிவிடும். தனிப் பாலையும் தனி இடியப்பத்தையும் பிரச்சினையில்லாமல் விழுங்கியவர் இரண்டும் சேரும்போது திணறுவது இதனால்தான். புட்டு வேறு மாதிரி: உதிரி உதிரியாகப் பள்ளங்களில் சிதறும், தேங்காய்ப்பூ சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

முதல் சில வாய்களுக்கு "விழுங்குங்கோ" என்று கட்டளையிடாதீர்கள். கட்டளைக்கு வாய் தயாராகிவிடும். முன்கூட்டி வழிவது மறைந்துபோகும். வீட்டில் யாரும் ஒவ்வொரு வாய்க்கும் கட்டளையிடுவதில்லை. மாத்திரை எடுப்பவரென்றால் ஒரு மாத்திரையையும் விழுங்கச் சொல்லுங்கள். அது நாக்கின் அடிக்கும் குரல்வளை மூடிக்கும் இடையிலுள்ள நாக்கடிப் பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தபின், "மருந்து போட்டும் குறையுதில்லை" என்ற முறைப்பாட்டுக்கும் விடை கிடைக்கலாம்.

திரை வெளுக்கும் அரை நொடி

விழுங்கும்போது தொண்டைச் சுவர்கள் முனையைச் சூழ்ந்து இறுகும். ஒளி திரும்பித் தெறித்துத் திரை முழுக்க வெள்ளையாகும். ஏறக்குறைய அரை நொடி ஒன்றும் தெரியாது. அதன் முன்னும் பின்னும் நடப்பதை வைத்துத்தான் உள்ளே என்ன நடந்தது என்று கட்டியெழுப்ப வேண்டும்.

வெளுக்குமுன்: உணவு எங்கே வந்து நின்றது? நாக்கடியிலா, பக்கப் பள்ளங்களிலா, வாசல் விளிம்பிலா? எத்தனை நொடி நின்றது? பள்ளம் நிரம்பி வழிந்து வாசலுக்குள் விழுவதைக் கண்டால் அது விழுங்குமுன் ஏற்படும் புரையேறல். காரணம் தாமதம்.

வெளுத்து முடிந்ததும்: வாசலின் உட்சுவரில், நாண்களின்மேல், நாண்களுக்குக் கீழே முன்சுவரில் நிறம் இருக்கிறதா? முன்னால் இல்லாமல் இப்போது இருந்தால், விழுங்கும்போதே நுழைந்திருக்கிறது. காரணம் வாசல் சரியாக மூடாதது. நாண்களுக்குக் கீழே தெளிவில்லையென்றால் பலமாக இருமச் சொல்லுங்கள். உள்ளே போனது நிறத்தோடு மேலே வரும்.

அடுத்த சில நொடிகள்: பள்ளங்களில் மிச்சம் எவ்வளவு? அவர் அதை உணர்ந்து மறுபடி விழுங்குகிறாரா? அவசரப்பட்டு அடுத்த கரண்டியைக் கொடுத்தால், மூச்சிழுப்போடு மிச்சம் வழிந்து உள்ளே போவதைத் தவறவிடுவோம். அது விழுங்கியபின் ஏற்படும் புரையேறல். காரணம் தள்ளும் பலக் குறைவு, அல்லது உணவுக்குழாயின் மேல் வாசல் திறக்காதது. திரை சரியாக வெளுக்கவே இல்லையென்றால் அதுவும் ஒரு செய்தி: சுவர்கள் இறுகவில்லை.

முனையில் உணவு அப்பிக்கொண்டால் உடனே வெளியே எடுக்காதீர்கள். ஒருமுறை விழுங்கச் சொன்னாலே பெரும்பாலும் துடைபட்டுவிடும்.

புரையேறியதைக் கண்டபின்

இங்கேதான் பலர் நிறுத்துகிறார்கள். எங்கள் அபிப்பிராயத்தில் பரிசோதனையின் மதிப்புள்ள பகுதி இங்கேதான் தொடங்குகிறது. இருமி வெளியேற்றச் செய்து, தேவையென்றால் உறிஞ்சி, ஆள் தெளிவாக இருந்தால் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

முதலில் அளவைக் குறையுங்கள். பிறகு தடிப்பை ஒரு படி கூட்டுங்கள். விழுங்குமுன் வழிகிறவருக்கு நாடியைத் தாழ்த்தி நெஞ்சோடு சேர்த்து விழுங்கவைத்துப் பாருங்கள். ஆனால் பக்கப் பள்ளங்களில் மிச்சம் நிற்பவருக்கு அதே தாழ்த்தல் மிச்சத்தை முன்னால் கொட்டிக் காரியத்தைக் கெடுக்கலாம். ஒருபக்கம் பலவீனமென்றால் தலையைப் பலவீனமான பக்கம் திருப்பவேண்டும். அந்தப் பக்க வழி அடைபட்டு, உணவு நல்ல பக்கத்தால் போகும். வாசல் மூடாதவருக்கு மூச்சைப் பிடித்து, விழுங்கி, உடனே இருமும் முறை. மூச்சைப் பிடிக்கும்போது நாண்கள் உண்மையில் மூடுகின்றனவா என்று திரையில் பாருங்கள். அவருக்கும் திரையைத் திருப்பிக் காட்டுங்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார். மிச்சம் நிற்பவருக்கு இரண்டாம் விழுங்கல், அல்லது தடித்த உணவுக்குப் பின் ஒரு மிடறு நீர். தடிப்பைக் கூட்டினால் புரையேறல் குறைந்து மிச்சம் கூடுவது வழக்கம். எந்த இடத்தில் இரண்டும் தாங்கக்கூடிய அளவுக்கு வருகின்றன என்று தேடுவதுதான் வேலை.

ஒக்சிசன் தொடர்ந்து இறங்கினால், மூச்சு வேகமெடுத்தால், முகம் வெளிறி வியர்த்தால், தொண்டை இறுகி மூச்சு விசிலடித்தால், ஆளே போதும் என்று கை காட்டினால் நிறுத்துங்கள். வெளிறுவது பெரும்பாலும் மயக்கம் வரப்போவதன் அறிகுறி. ஸ்கோப்பை எடுத்து, சாய்த்துக் காலை உயர்த்துங்கள். மூக்கிலிருந்து சிறு இரத்தம் வந்தால் மூக்கின் மென்பகுதியைப் பிடித்து, தலையை முன்னால் குனியவையுங்கள்.

கழுத்தில் துளையிட்டுக் குழாய் போட்டவரென்றால், வைத்தியருடன் முடிவெடுத்து, பலூனின் காற்றை இறக்கி, மேலே தேங்கியதை உறிஞ்சியபின் தொடங்குங்கள். நிறம் குழாய் வழியாக வருகிறதா என்பதைத் தாதியர் பார்க்கலாம். வராததால் ஏறவில்லை என்று மட்டும் முடிவெடுக்க வேண்டாம்.

புள்ளியும் அறிக்கையும்

பதிவை மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியே புள்ளியிடுங்கள். உட்புகலுக்கு 1996இல் வந்த 8 புள்ளி அளவுகோல்: 1 என்றால் வாசலுக்குள் ஒன்றும் போகவில்லை, 2 முதல் 5 வரை வாசலுக்குள் வந்தும் நாண்களைத் தாண்டாதது, 6 தாண்டினாலும் வெளியேற்றியது, 7 முயன்றும் வெளியேற்ற முடியாதது, 8 தாண்டியும் எந்த முயற்சியும் எழாதது. அந்த 8தான் உச்சியில் தட்ட ஆளில்லாத புரையேறல். மிச்சத்துக்கு 2015இல் வந்த யேல் அளவுகோல், நாக்கடிப் பள்ளத்துக்கும் பக்கப் பள்ளத்துக்கும் தனித்தனியாக: இல்லை, பூச்சளவு, கால்பங்கு வரை, பாதிவரை, பாதிக்கு மேல்.

அறிக்கை இரண்டு விதமாக இருக்க வேண்டும். வார்டுக்குப் போவது புள்ளிகளோடு. வீட்டுக்குப் போவது அவர்கள் மொழியில், சமையலறையில் ஒட்டக்கூடிய ஒரே தாளில். "நிலை 2 பானம்" என்பது வீட்டாருக்குப் புரியாது. சிரிஞ்சையும் கொடுத்து, எத்தனை கோடு மிஞ்ச வேண்டும் என்று கோடு கீறிக் காட்டுங்கள். நிலை 5 உணவுக்கு "முள்ளுக்கரண்டி இடுக்கு அளவு, 4 மி.மீ., ஈரமாக", நிலை 6க்கு "ஒன்றரை சென்ரிமீட்டருக்கு மேற்படாத மென்மையான துண்டு" என்று எழுதுங்கள். எந்தப் பக்கம் தலையைத் திருப்புவது, மாத்திரையை எதில் வைத்துக் கொடுப்பது, எதைப் பொடியாக்கக் கூடாது, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் வாய் கழுவுவது, அரை மணித்தியாலம் நிமிர்ந்திருப்பது. காய்ச்சல், களகளக் குரல், மூச்சு வேகம் வந்தால் உடனே கூட்டிவரச் சொல்லுங்கள்.

ஸ்கோப்பைக் கழுவுதல்

எடுத்தவுடன் துடையுங்கள்; காய்ந்த பாலைப் பிறகு கழற்றுவது கடினம். கசிவுச் சோதனை, நொதிக் கரைசலில் கழுவல், அலசல், பிறகு 0.55 வீத ஓ.பி.ஏ. போன்ற உயர்நிலைக் கிருமிநீக்கி. எத்தனை நிமிடம், எந்த வெப்பநிலை என்பதற்குப் போத்தல் லேபிளையும் ஸ்கோப் கைநூலையும் பாருங்கள். அந்தக் கரைசல் தோலிலும் புரத எச்சத்திலும் சாம்பல் கறை பிடிக்கும், கையுறை தேவை. மறுபடி நன்றாக அலசி, உலர்த்தி, தொங்கவிடுங்கள். கொழும்புக் காற்றின் ஈரத்தில் வில்லையில் பூஞ்சை பிடிக்க அதிக நாள் தேவையில்லை. வாங்கும்போது வந்த ஸ்பொஞ்சுப் பெட்டி கொண்டுசெல்ல மட்டும். அதற்குள் வைத்து மூடினால் ஈரமும் கிருமியும் சேர்ந்து குடியிருக்கும்.

மறுமுறை

பாரிசவாதத்துக்குப் பின் முதல் வாரங்களில் தொண்டை வேகமாக மாறும். குழாயோடு அனுப்பியவரைப் பல மாதங்களுக்கு மறந்துவிடாதீர்கள். கதிர்ச்சிகிச்சை எடுத்தவர்களிலோ எதிர்ப்புறம்: முடிந்து ஆண்டுகள் கழித்துக்கூட தசை இறுகி விழுங்கல் மோசமாகலாம். மறுமுறை செய்யும்போது அதே பால், அதே கரண்டி, அதே வரிசை, அதே நேரத்து மருந்து இருக்கட்டும். பழைய பதிவையும் புதிய பதிவையும் பக்கம் பக்கமாக ஓடவிட்டுப் பாருங்கள்.